கழனித்தண்ணியும் பன்னிரண்டு சிரட்டைகளும்

அன்புள்ள ஐயா,

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. போன மாதம் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. வழக்கம்போல எரிமலை, சொட்டுநீர்ப் பாசனம், சூரியக் குடும்பம் என்று தெர்மாகோல் மாதிரிகளாக வந்து குவிந்தன. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் நிஜமாகவே ஒரு சோதனை செய்து கொண்டுவந்தாள். அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினால் செடி செழிப்பாக வரும் என்று அவளுடைய அப்பத்தா சொல்வாராம். அதைப் பார்த்துவிடலாம் என்று இரண்டு தொட்டிகளில் வெந்தயம் விதைத்து, ஒன்றுக்குக் கழனித்தண்ணியும் மற்றதற்குக் குழாய்த் தண்ணீரும் பத்து நாள் ஊற்றியிருக்கிறாள். குழாய்த் தண்ணீர் ஊற்றியதுதான் உயரமாக வளர்ந்திருந்தது.

கண்காட்சிக்கு முதல் நாள் சக ஆசிரியர் ஒருவர், "லேபிளை மாத்தி ஒட்டிரச் சொல்லுங்க டீச்சர், வர்றவங்க கேட்டா புள்ள என்ன சொல்லும்?" என்றார். நான் மாற்றவிடவில்லை. நடுவர்கள் வந்து பார்த்து, "சோதனை சரியா வரலையேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் தொட்டிகளை எடுத்துப்போகும்போது அவள், "என் சோதனை தோத்துப்போச்சா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் இல்லை என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குத் தெளிவாகச் சொல்ல வந்திருக்காது.

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று புத்தகத்தில் படிகள் இருக்கின்றன. பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். அதன் உயிரை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நீங்கள் அறிவியல் பற்றி அடிக்கடி எழுதுவதால் கேட்கிறேன்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

லேபிளை மாற்றவிடாமல் நின்றீர்களே, அதற்கு முதலில் என் வணக்கம். நீங்கள் கேட்டதற்குப் பாதிப் பதில் அந்தச் செயலிலேயே இருக்கிறது. மீதியை என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பள்ளி ஆய்வகம் நினைவுக்கு வந்தது. மேல்நிலை வகுப்பில் தனி ஊசல் சோதனை. நூலில் தொங்கும் உலோகக் குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை 980-ஐ ஒட்டி வர வேண்டும் என்று வகுப்பில் எல்லோருக்கும் முன்பே தெரியும். எங்கள் மேசையில் 1000 வந்தது. மறுபடி செய்தோம், மறுபடியும் 1000. நேரமாகிவிட்டது, ரெக்கார்டு நோட்டில் 980 வருகிற மாதிரி ரீடிங் போட்டு எடுத்து வாருங்கள் என்றார்கள். கணக்கைப் பின்னாலிருந்து போட்டு விநாடிகளைத் திருத்தி எழுதினோம். கையெழுத்தும் கிடைத்தது, முழு மதிப்பெண்ணும் கிடைத்தது.

பல வருடம் கழித்துத்தான் அந்த 1000 எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. ஊசலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். நாங்கள் குண்டின் அடிவரை அளந்திருக்கிறோம். 50 செ.மீ. நீளத்தில் 1 செ.மீ. கூடிப்போனால் 980 என்பது சரியாக 1000 ஆகிவிடும். எங்கள் அளவுகோலை எங்கே வைத்தோம் என்பதை அந்த எண் அவ்வளவு துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டு 980 என்று எழுதினோம். அந்த வருடம் நான் கற்றிருக்கக்கூடிய ஒரே இயற்பியல், 980-க்கு மேல் கூடுதலாக வந்த அந்த இருபதில்தான் இருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆகவே உங்கள் மாணவியிடம் இப்படிச் சொல்லலாம். சோதனை என்றால் ஒரு கேள்வியை இயற்கையிடம் கேட்பது. 'இல்லை' என்று சொல்லவும் இயற்கைக்கு இடம் விட்டுக் கேட்க வேண்டும். எரிமலை மாதிரியில் அந்த இடம் கிடையாது. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும், அது தெரிந்துதான் ஊற்றுகிறோம். அதைச் செயல்விளக்கம் என்று சொல்லலாம், அதற்கும் வகுப்பில் ஓர் இடம் உண்டு. இந்தப் பிள்ளையோ தன் அப்பத்தா சொன்னதை, தான் நம்பியதை, பொய்யாகிவிடக்கூடிய ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். அது பொய் என்று வந்தபோதும் வந்ததை வந்தபடியே எழுதிக் கண்காட்சி மேசையில் வைத்தாள்.

அவளுடைய தொட்டியில் இருந்த அதே அரிசித் தண்ணீரை ஒட்டி ஒரு பழைய கதை உண்டு. நான் மாணவர்களிடம் பேசப் போகும் இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் நம் சோற்றுப்பானைக்கு இவ்வளவு பக்கத்தில் வரும் கதை வேறு எனக்குத் தெரியாது.

பெரிபெரி என்று ஒரு நோய். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சோறு உண்ணும் ஆசிய நாடுகளில், அதிலும் சிறைகளிலும் படைமுகாம்களிலும், ஆட்கள் கூட்டம் கூட்டமாக இதில் செத்தார்கள். இந்தோனேசியத் தீவான ஜாவா அப்போது டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க 1886-ல் ஒரு மருத்துவக் குழுவை அனுப்பினார்கள். அதில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற இளம் மருத்துவரும் இருந்தார். லூயி பாஸ்டரும் ராபர்ட் கோக்கும் நுண்ணுயிரிகளை ஒவ்வொன்றாக அடையாளம் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. இதுவும் ஏதோ ஒரு கிருமியின் வேலையாகத்தான் இருக்கும் என்று குழு நம்பியது. நியாயமான ஊகம்தான்.

பத்தேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஐக்மன் கோழிகளை வைத்துச் சோதித்தார். நோயாளிகளிடமிருந்து எடுத்ததைச் சில கோழிகளுக்குச் செலுத்தி, சிலவற்றைச் செலுத்தாமல் விட்டார். செலுத்திய கோழிகள் தள்ளாடி விழுந்தன. அதோடு நிறுத்தியிருந்தால் கிருமி கிடைத்துவிட்டது என்று அறிவித்திருப்பார். ஆனால் செலுத்தாமல் விட்ட கோழிகளும் விழுந்தன! ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று சும்மா விடப்பட்ட அந்தக் கோழிகள்தான் இந்தக் கதையின் நாயகர்கள். அவை இல்லாதிருந்தால் தவறான விடை ஒன்று சரியான விடைபோல உட்கார்ந்திருக்கும். பாடப்புத்தகத்தில் 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்று ஒரு சொல் வருகிறதே, அதன் பொருள் இதுதான் டீச்சர்: நாம் எதுவும் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு பங்கை ஒதுக்கிவைப்பது.

பிறகு ஒரு நாள் கோழிகளெல்லாம் தாமாகவே தேறிவிட்டன. புதிதாக நோயும் வரவில்லை. ஐக்மன் குழம்பிப்போய் ஒவ்வொன்றாக விசாரித்தார். ஆய்வக உதவியாளர் செலவைக் குறைப்பதற்காக, பக்கத்தில் இருந்த படை மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய சோற்றை வாங்கிக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. பிறகு சமையற்காரர் மாறினார். படைக்குச் சேர்ந்த அரிசியைப் படையில் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று புதியவர் மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தவிடு போகாத அரிசிக்குத் திரும்பின. வெள்ளைச் சோறு போட்டது ஜூன் 17 முதல் நவம்பர் 27 வரை. நோய் தொடங்கியது ஜூலை 10, அடங்கியது நவம்பர் கடைசி நாட்களில். ஐக்மனே பின்னாளில் தன் நோபல் உரையில் இந்தத் தேதிகளைக் குறிப்பிட்டிருக்கிறார்.

தேதிகளைப் பாருங்கள். யாரோ ஒருவர் அன்றன்று எழுதிவைத்ததால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. உங்கள் பிள்ளைகளின் நோட்டில் முதலில் பழக்க வேண்டியது இதைத்தான் என்பேன். அன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுத வேண்டும். பென்சிலும் அழிப்பானும் வேண்டாம், பேனா போதும். தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருக்கும் எண் படிக்கும்படி. தப்பு என்று இன்று நினைப்பது நாளை தப்பில்லாமல் போகலாம். எங்கள் 1000-ஐப்போல.

சமையற்காரர் மாறியது தற்செயல். அதைக் கொண்டு ஐக்மன் முடிவு கட்டிவிடவில்லை. வேண்டுமென்றே சில கோழிகளுக்குத் தீட்டிய அரிசியும் சிலவற்றுக்குத் தீட்டாத அரிசியும் போட்டுப் பார்த்தார். நோய் கண்டவற்றுக்குத் தவிட்டைக் கொடுத்துத் தேற்றிப் பார்த்தார். கோழிக்குச் சரி, மனிதனுக்கு? அங்கேதான் ஃபோர்டர்மன் என்ற சுகாதார அதிகாரி வருகிறார். ஜாவாவிலும் பக்கத்துத் தீவான மதுராவிலும் இருந்த 101 சிறைகளின் கணக்கை எடுத்தார். தவிடு போகாத அரிசி போட்ட 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி இருந்தது. தீட்டிய அரிசி போட்ட 51 சிறைகளில் 36-ல் இருந்தது. மீதி 13-ல் இரண்டும் கலந்து போட்டார்கள். கட்டடம் பழையதா, காற்று வருகிறதா, கைதிகள் நெருக்கியடித்து இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்தார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சந்தேகத்துக்கு இடம் இருக்கத்தான் செய்தது. எந்தச் சிறையில் எந்த அரிசி என்பதை ஃபோர்டர்மன் தீர்மானிக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை அவர் கணக்கெடுத்தார், அவ்வளவே. அவர் கேட்கத் தோன்றாத வேறு ஏதோ ஒன்று அரிசியோடு சேர்ந்தே மாறிக்கொண்டிருக்கலாம். கணக்கெடுப்புக்கும் சோதனைக்கும் உள்ள இடைவெளி இது. பெரியவர்களே சறுக்கும் இடம். இப்போது நம் ஆட்களும் கதைக்குள் வருகிறார்கள்.

அதே காலத்தில் மலாயாவிலும் பெரிபெரி. தகரச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனர்களை அது வாரிக்கொண்டு போனது. தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, வந்த பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. மலாய்க் கிராமத்தார் தாங்களே நெல்லைக் குத்திச் சமைத்தார்கள், அவர்களுக்கும் அவ்வளவாக வரவில்லை. ஆனால் சீனர், தமிழர், மலாய்க்காரர் இடையே அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, வீடு வேறு, குழம்பு வேறு, குடிக்கும் தண்ணீர் வேறு. அரிசியை மட்டும் தனியே பிரித்தெடுப்பது எப்படி?

கோலாலம்பூரில் மனநோயாளிகள் விடுதியைக் கவனித்துவந்த வில்லியம் ஃபிளெட்சர் அதைச் செய்தார். 1905 டிசம்பர் 5-ஆம் தேதி நோயாளிகள் எல்லோரையும் உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க விடுதிக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குப் பக்க விடுதிக்கு. இரண்டு கட்டடமும் ஒரே மாதிரி. சாப்பாடும் ஒன்றேதான், அரிசியைத் தவிர. கிழக்கே சயாம் பச்சரிசி, மேற்கே வங்காளத்துப் புழுங்கல். சில மாதம் கழித்து இரு தரப்பாரையும் கட்டடம் மாற்றிக் குடிவைத்தார். நோய் கட்டடத்தில் ஒட்டியிருந்தால் அது பழைய கட்டடத்திலேயே தங்கிவிடும், அரிசியில் இருந்தால் ஆட்களோடு போகும் என்பது கணக்கு. ஆட்களோடுதான் போனது. ஓராண்டு முடிவில் பச்சரிசித் தரப்பில் 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் தரப்பில் ஒருவர்கூட அந்த நோயால் இறக்கவில்லை. அங்கே நோய் தெரிந்த இருவரும் உள்ளே வரும்போதே அதைக் கொண்டுவந்தவர்கள்.

இதில் என்னை மிகவும் தொட்டது, தொடங்கும்போது ஃபிளெட்சருக்கு அரிசிதான் காரணம் என்ற நம்பிக்கை இருக்கவில்லை என்பதுதான். தான் நம்பாத ஒன்று ஜெயிக்கும்படியும் வழி செய்து வைத்தார். அது ஜெயித்ததும் ஒப்புக்கொண்டு எழுதினார். எழுதியபோதும் எல்லை தாண்டவில்லை. பச்சரிசியில் நஞ்சு இருக்கலாம், அல்லது உணவில் ஏதோ குறைந்து உடல் நோய்க்கு இடம் கொடுக்கலாம் என்று பல வாய்ப்புகளையும் திறந்தே வைத்தார். எந்த அரிசி என்று அவர் கேட்டிருந்தார், அதற்குப் பதில் கிடைத்தது. ஏன் என்று அந்தச் சோதனை கேட்கவில்லை.

அந்தப் 18 பேரைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. தங்கள்மேல் சோதனை நடக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சம்மதம் கேட்டதாகவும் தெரியவில்லை. இன்று அப்படி ஒரு சோதனையை எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. பிள்ளைகளிடம் கதையைச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புக்கு இது புரியும்.

'ஏன்' என்பதற்கு விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தீட்டிய அரிசியில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று ஐக்மன் விளக்கம் சொல்லியிருந்தார். அவருக்குப் பின் பத்தேவியா ஆய்வகத்தில் வேலையைத் தொடர்ந்த க்ரைன்ஸ் 1901-ல் அதைத் திருப்பிப் போட்டார்: அரிசியில் கெட்டது எதுவும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது. அவர் சொன்னதே சரி. அந்த ஏதோ ஒன்று தயமின், வைட்டமின் பி1. அதே பத்தேவியாவில் 1926-ல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1929-ல் நோபல் பரிசு ஐக்மனுக்குக் கிடைத்தது, க்ரைன்ஸுக்குக் கிடைக்கவில்லை. சோதனை சரியாக இருந்து விளக்கம் தப்பாக இருக்கலாம். உங்கள் மாணவர்கள் 'முடிவு' என்ற தலைப்பின் கீழ் எழுதும்போது நான் கண்டது இது, அதற்கு நான் நினைக்கும் காரணம் இது என்று இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள். முதல் பத்தி நிற்கும். இரண்டாவது விழலாம், விழுந்தால் ஒன்றும் கேடில்லை.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, மேல்தோலில் இருக்கும் தயமின் தண்ணீரில் கரைந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மெஷினில் எவ்வளவு தீட்டினாலும் உள்ளே போனதில் பெரும்பங்கு தங்கிவிடும். பழைய சென்னை மாகாணத்திலேயே பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது ஆந்திரக் கடற்கரைப் பக்கம், பெரிபெரி இருந்தது, புழுங்கல் உண்ட தெற்கே காண்பது அரிது. இதைச் சொன்னவுடன், "பார்த்தீர்களா, நம் முன்னோர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது" என்று வகுப்பில் ஒரு பெருமை கிளம்பும். அதை மெல்லத் தடுத்துவிடுங்கள். அவித்த நெல் குத்தும்போது உடையாது, அரிசி நாள்பட நிற்கும். அந்தப் பலன்கள் கண்ணுக்குத் தெரிந்தவை. வைட்டமின் அவர்களுக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. அவர்களின் வழக்கத்தில் நன்மை இருந்தது என்பதை நாம் அறிந்ததே சோதித்துப் பார்த்ததால்தான். கழனித்தண்ணியைப் பற்றி அப்பத்தா சொன்னதையும் அதே மரியாதையோடு எடுத்துக்கொள்வோம். சோதித்துப் பார்ப்பதுதான் அந்த மரியாதை.

தொட்டிகளுக்கு வருகிறேன். உங்கள் மாணவி செய்தது சோதனைதான், ஆனால் அதன் பதிலை இப்போதைக்கு நம்ப முடியாது. ஒரு தரப்புக்கு ஒரு தொட்டி போதாது. கழனித்தண்ணித் தொட்டி சுவர் ஓரம் இருந்து வெயில் குறைந்திருக்கலாம். அதில் மண் இறுகியிருக்கலாம். பழைய விதை நாலு அதில் விழுந்திருக்கலாம். அரிசி களைந்த தண்ணீர் அன்றாடம் நிறையக் கிடைக்கிறது என்று அதற்கு மட்டும் தாராளமாக ஊற்றி வேர் அழுகியிருக்கலாம். குழாய்த் தண்ணீர் நல்லது என்று அந்தத் தொட்டிகள் சொல்லவில்லை. 'இந்தத் தொட்டி அந்தத் தொட்டியைவிட வளர்ந்தது' என்று மட்டும்தான் சொன்னன.

இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். செலவில்லாமல் செய்யலாம். பன்னிரண்டு தேங்காய்ச் சிரட்டை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில்தான் கண் இருக்கும், மறுபாதி மூளியாக இருக்கும். கண்ணைக் குத்தித் திறந்தால் தண்ணீர் வடியும், மூளிச் சிரட்டையில் தேங்கும். கண்ணுள்ளவை ஆறு, மூளி ஆறு என்று எடுத்து, தெரியாத்தனமாகக் கழனித்தண்ணியை மூளியில் ஊற்றிவிட்டால் நாம் சோதிப்பது தண்ணீரையா, சிரட்டையையா? எனவே பன்னிரண்டும் கண்ணுள்ள பாதியாகவே இருக்கட்டும். மண்ணை ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்து பிரித்துப் போடட்டும். ஒரே பாக்கெட் வெந்தயம், சிரட்டைக்கு ஐந்து விதை. அடியில் 1 முதல் 12 வரை எண் எழுதி, எந்த ஆறுக்குக் கழனித்தண்ணி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். 'நல்லா இருக்கிற சிரட்டையை' நம் கை தானாகவே நமக்குப் பிடித்த பக்கம் தள்ளும், சீட்டு அப்படித் தள்ளாது. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் மில்லிலிட்டர் கோடு போட்டிருக்கும், அதில் அளந்து எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஊற்ற வேண்டும். தினமும் சிரட்டைகளின் இடத்தைச் சுழற்றி மாற்ற வேண்டும், ஃபிளெட்சர் கட்டடம் மாற்றியதைப்போல.

அளப்பது அவளாக இருக்கக் கூடாது. எதற்கு எந்தத் தண்ணீர் என்று தெரியாத இன்னொரு பிள்ளை ஸ்கேல் பிடிக்கட்டும். ஆசை கண்ணை மாற்றிவிடும், ஆசைப்படுகிறவருக்கே அது தெரியாது. 1904-ல் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை கணக்குப் போடுகிறது என்று பெரிய பேச்சு. கேள்விக்கு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஏமாற்று ஏதும் இல்லை என்று அறிஞர் குழுவே பார்த்துச் சொன்னது. பிஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்து, கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரிவதில்லை என்று காட்டினார். சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை இம்மி அசையும், குதிரை அதைப் பார்த்துத் தட்டலை நிறுத்தும். கேட்டவர்களில் யாரும் பொய்யர் இல்லை. தங்கள் தலை அசைவது அவர்களுக்கே தெரியாது.

பத்து நாள் கழித்துப் பன்னிரண்டு எண்களும் வரும்போது ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றிய ஆறிலேயே ஒன்று 6 செ.மீ., இன்னொன்று 9 செ.மீ. என்று இருக்கலாம். ஒரே தண்ணீர் குடித்தவற்றுக்குள்ளேயே இவ்வளவு ஏற்ற இறக்கம் இருந்தால், இரண்டு தரப்பின் சராசரிக்கும் நடுவே உள்ள அரை சென்டிமீட்டரை வைத்து என்ன சொல்ல முடியும்? ஒன்றும் சொல்ல முடியாது. 'சொல்ல முடியவில்லை' என்று எழுதுவதும் ஒரு முடிவுதான். அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள்.

விதைப்பதற்கு முன், எது வளரும் என்று அவள் நினைக்கிறாளோ அதை எழுதித் தேதி போட்டு, உங்கள் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். விடை வந்த பிறகு, நான் அப்போதே நினைத்தேன் என்று தோன்றுவது மனிதர் எல்லோருக்கும் உள்ள பழக்கம்.

கடைசியாக ஒன்று. அப்பத்தாவிடம் திரும்பப் போய் விவரமாகக் கேட்கச் சொல்லுங்கள். எந்தச் செடிக்கு ஊற்றுவார், அவரைக்கா, முருங்கைக்கா? முதல் முறை களைந்த தண்ணீரா, இரண்டாவதா? அன்றைக்கே ஊற்றுவாரா, ஒரு ராத்திரி புளிக்கவிட்டா? வெந்தயத்தின் பத்து நாளையும் கொல்லையில் நிற்கும் மரத்தின் பல வருடத்தையும் அவர் ஒன்றாக நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். புதிய தண்ணீர், புளித்த தண்ணீர் என்று பிரித்தால் அது தனிச் சோதனை. அதற்கு இன்னும் ஆறு சிரட்டை வேண்டும், முதல் சோதனையோடு அதைக் கலக்க வேண்டாம்.

பள்ளி விடுமுறைக்கு முன் முடிந்துவிட்டால், பன்னிரண்டு அளவுகளையும் அவள் நோட்டில் இருக்கிறபடியே, கோடு அடித்தவற்றையும் சேர்த்து, எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் தண்ணீர் எந்த எண்ணுக்கு என்பதைத் தனியாக ஒரு தாளில் எழுதி, ஒட்டிய உறையில் வைத்து அனுப்பட்டும். அளவுகளைப் பார்த்து முதலில் நான் ஊகித்து எழுதிவைத்துவிட்டுப் பிறகு உறையைப் பிரிக்கிறேன்.

அன்புடன்.